கொன்றைப் படத்தில் விழுந்த போலீஸ்காரர்

பட்டாளத்தில் இருந்த மாமா விடுப்பு முடிந்து போகும்போது தன் டிஜிட்டல் கேமராவை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். அதைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே அதை எடுத்து என் கழுத்தில் மாட்டினாள். ராஜபாளையத்திலிருந்து சித்தியை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்கு அழைத்துப் போகிற நாள் அது. கூடவே ஒரு சிறுமி பூவையும் குருவியையும் படம் எடுத்துக்கொண்டு திரிந்தால், பார்க்கிறவர்களுக்குச் சும்மா வந்த குடும்பம் போலத் தெரியும் அல்லவா?

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது முதலில் இப்படித்தான். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் ஊர் வாயை மூட முடியாது. அதனால் இரண்டு வீட்டாரும் ஆண்டாள் சன்னதியில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வார்கள். அந்தத் தற்செயலுக்கு நேரம்கூடப் போனில் பேசி வைத்திருப்பார்கள்.

மாப்பிள்ளை போலீஸ். முன்பே வந்திருந்த போட்டோவில், தொப்பியும் மீசையுமாக, எதிரில் நிற்பவனை லாக்கப்பில் தள்ளப்போகிறவர் போல முறைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த நாளிலிருந்து சித்திக்குச் சோறு இறங்கவில்லை.

"சிரிக்கவே தெரியாத ஆளுகூட எப்பிடிக்கா காலந்தள்ளுறது?" என்று அம்மாவிடம் அழுதாள். ஆனால் பயமாக இருக்கிறது என்று தாத்தாவிடம் சொல்லி ஒரு சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்க முடியுமா?

அன்று நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். குளக்கரையில் ஒரு சரக்கொன்றை, இலை தெரியாமல் பூத்துக் கிடந்தது. நான் படமாக எடுத்துத் தள்ளினேன். பிறகு சன்னதியில் எல்லாம் ஏற்பாட்டின்படி நடந்தது. "அடடே, நீங்களும் இன்னைக்குத்தான் வந்தியளா?" என்று தாத்தா பிரமாதமாக ஆச்சரியப்பட்டார். நீலக் கோடு போட்ட சட்டையில் மாப்பிள்ளை போட்டோவில் இருந்த அதே முறைப்போடு நின்றார். சித்தி குனிந்த தலை நிமிரவில்லை.

வீடு திரும்பியதும் தாத்தா, "ராத்திரிக்குள்ள அவியளுக்குப் போன் போட்டுச் சொல்லணும். உனக்குச் சம்மதந்தானம்மா?" என்று சித்தியிடம் கேட்டார்.

"செத்த நேரம் குடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுச் சித்தி மொட்டைமாடிக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். மாப்பிள்ளையின் முகத்தைக்கூடத் தான் பார்க்கவில்லை என்று சொல்லி அழுதாள். ஆறுதல் சொல்லத் தெரியாமல் நான் கேமராவிலிருந்த படங்களைக் காட்டினேன்.

"இது கெட்டுப்போச்சு சித்தி. பூவெல்லாம் மங்கலா இருக்கு. பின்னால அந்தப் போலீஸ் மாமா வந்து விழுந்துட்டாரு. அழிச்சிரட்டுமா?"

"ஏட்டி, அழிக்காத!"

கேமராவைப் பிடுங்கி, பொத்தானை அமுக்கி அமுக்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். மரத்தடியில் ஒரு பைக். அதன் கண்ணாடிக்கு முன் குனிந்து, அந்த நீலக் கோடு போட்ட சட்டைக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த படத்தின் ஓரத்திலும் அவரேதான், பல்லை மூடிப் பாதிச் சிரிப்பு. அதற்கடுத்ததில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் முழுச் சிரிப்பு. அத்தனை ஒத்திகை பார்த்தும் சன்னதியில் அவருக்கு ஒன்றுகூட வரவில்லை.

"அய்யோ, இவருக்குமா!" என்றாள் சித்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிதாக ஒரு மூச்சு விட்டு, படியிறங்கிப் போய்த் தாத்தாவிடம் சம்மதம் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குத்தான் பல நாள் கழித்து அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

எனக்கோ கோபம். அவ்வளவு நல்ல கொன்றைப் படங்கள் இருக்க, கெட்டுப்போனவற்றையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். அந்த மனிதர் பல்லிடுக்கில் எதுவோ மாட்டிக்கொண்டு அவதிப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். தன்னைப் போலவே அங்கே இன்னொருவரும் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறார் என்று தெரிவது எத்தனை பெரிய நிம்மதி என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. பல்லில் சிக்கியதை எடுக்கத் தெரியாத ஒருவரை இந்தச் சித்தி ஏன் கட்டிக்கொள்கிறாள் என்று கல்யாணம் வரை கவலையாகவே இருந்தேன்.