உப்புப் படாத எலுமிச்சை ஐஸ்

வச்சலா முதன்முதலாக எலுமிச்சை ஐஸ் போட்ட அன்று, புதுப்பட்டினம் கடற்கரை நண்டுகளெல்லாம் குளிர் தாங்காமல் வளையை விட்டு வெளியே வந்து போர்வை கேட்டன. சரி, நண்டு கேட்டது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். போர்வை கேட்டவன் அவள் புருஷன் கேசவன். பங்குனி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில், ஒரு கிண்ணம் ஐஸைத் தின்றுவிட்டு, "யப்பா, ஜில்லுங்குது. அந்தப் போர்வய எடுமே" என்றான். நாலு மாதத்தில் அவன் தண்ணீரைத் தவிர வேறொன்றைக் கேட்டது அன்றுதான்.

கேசவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டிருந்தன. ரத்தக் கொதிப்பு சத்தமில்லாமல் தின்று தீர்த்திருந்தது. வாரத்தில் மூன்று நாள் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துச் செங்கல்பட்டில் இறங்கி, நாலு மணி நேரம் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்ப வேண்டும். மாற்றுக் கிட்னி வைக்கிற பேச்சு ஒரே வாரத்தில் முடிந்துபோனது. கொடுக்க வந்த தம்பிக்குச் சர்க்கரை, வச்சலாவுக்கு பிபி. மூத்திரம் நின்றுபோன உடம்பு; உள்ளே போகிற தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. முதலில் கால் வீங்கும், பிறகு நுரையீரலுக்கு ஏறும். ஆகவே நாளைக்கு அரை லிட்டர் குடிக்கலாம், அதற்குமேல் ஒரு மடக்கும் ஆகாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இளநீர், சாத்துக்குடி பக்கமே போகக் கூடாது. எலுமிச்சை மட்டும் கொஞ்சம் இருக்கலாம்.

முப்பது வருஷம் கடலுக்குப் போனவன். கரை ஏறியதும் ஒரு குடத்தைச் சாய்த்துப் பாதியைக் குடித்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பான். அந்த ஆள் இப்போது, வச்சலா பாட்டிலில் கோடு போட்டு ஊற்றித் தருகிற ஒரு மடக்கை விழுங்க மனசில்லாமல் வாயிலேயே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு மத்தியானம் அவள் மீன் விற்றுவிட்டு வந்து பார்த்தால், குளிக்கிற இடத்தில் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"குடிக்கல வச்சலா, சத்தியமா குடிக்கல. சும்மா மூஞ்சியத்தான் வச்சிக்கினு இருந்தேன்."

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. மீன்காரிக்கு ஐஸ் வேறு சரக்கு, தண்ணீர் வேறு சரக்கு. தண்ணீர் குழாயில் வருகிறது. ஐஸ் பாளம் பாளமாக ஐஸ் கம்பெனியிலிருந்து வண்டியில் வருகிறது. தண்ணீரைக் குடிக்கிறோம். ஐஸை உடைக்கிறோம், அள்ளுகிறோம், மீன்மேல் கொட்டுகிறோம். டாக்டர் சொன்ன அளவு குடிக்கிறதுக்கு. தின்கிறதுக்கு ஏது அளவு?

சர்க்கரையை இளம்பாகாகக் காய்ச்சி ஆறவைத்தாள். நாலு எலுமிச்சம்பழத்தின் சாறு, மேல்தோலை வெள்ளை படாமல் துருவிய துருவல், ஒரு ஸ்பூன் இஞ்சிச்சாறு, வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு சிட்டிகை. மற்ற வீடுகளில் இதில் ஒரு கல் உப்பும் விழும். கேசவனுக்கு உப்பு விஷம். ஆனால் உப்பில்லாமல் ஐஸ் உறையாது. மீன் பெட்டியில் உடைத்த ஐஸின்மேல் கல்லுப்பை வாரி இறைத்தால்தான் அந்த வெறிக்குளிர் ஏறும். அதனால் எவர்சில்வர் டப்பாவின் வாயைப் பாலிதீனால் மூடி, சைக்கிள் ட்யூப் வளையத்தை மாட்டி இறுக்கி, அதை ஐஸுக்குள் புதைத்துச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். கால்மணிக்கு ஒருதரம் டப்பாவை வெளியே எடுத்து, துணியால் மூன்று முறை துடைத்துத் திறந்து, ஓரத்தில் உறைந்ததை ஸ்பூனால் சுரண்டி நடுவே தள்ளினாள். சும்மா விட்டால் கல்லாகிவிடும். சுரண்டச் சுரண்டத்தான் பொலபொலவென்று பஞ்சு மாதிரி வரும்.

கேசவன் கட்டிலில் இருந்தபடி வேடிக்கை பார்த்தான். "இன்னாமே, உப்ப மொத்தமும் வெளிய கொட்டிட்டு எனக்கு ஒரு கல்லு தரமாட்டேன்ற?"

"வாய மூடுய்யா. உள்ள ஒரு கல்லு போச்சின்னா என் தாலி போச்சி."

"போனா இன்னா? ஐஸு போடுற பொம்பளைன்னு கேள்விப்பட்டா கல்பாக்கம் வரைக்கும் மாப்ள வரிசைல நிப்பான்."

"நிக்கட்டும். அவனுங்களுக்காவது கிட்னி கீதான்னு பாத்துட்டுத்தான் கட்டிப்பேன்."

தினமும் விடிந்ததும் ஒரு டப்பா போட்டு வைத்துவிட்டு அவள் மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். மூன்று வாரம் அப்படி ஓடியது. கேசவன் தண்ணீர் கேட்பதை விட்டுவிட்டான். பாட்டிலில்கூடச் சாயங்காலம் ஒரு விரற்கடை மிச்சம் நின்றது. கால் வீங்கியதைப் பார்த்து, பஸ்ஸில் தொங்கப் போட்டு வந்தால் வீங்காதா என்று அவளே காரணம் சொல்லிக்கொண்டாள். மல்லாக்கப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவன் தலையணைக்குமேல் தலையணை அடுக்கியபோது, அனல் காற்றைக் குற்றம் சொன்னாள்.

ஒரு திங்கட்கிழமை செங்கல்பட்டில் எடை மிஷினில் ஏறி நின்றவனை நர்ஸ் ஹெலன் இறங்கவிடவில்லை. முள்ளை இரண்டு தரம் பார்த்தாள். பிறகு அவனைப் படுக்கவைத்து ஊசி குத்தி, மிஷினை ஓடவிட்டு, வச்சலாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ரெண்டு வாரமாவே எடை கூடிக்கினுதான் வந்துச்சு. இப்ப மூணு நாள்ல நாலு கிலோ ஏறியிருக்கு. நெஞ்சுலயும் நீர் கோத்துக்கினு இருக்கு. இன்னா குடுத்தீங்க?"

"ஒரு சொட்டு கூடுதலா குடுக்கலம்மா. கோடு போட்ட பாட்டிலு, நீ வேணா வந்து பாரு. தாகத்துக்கு எலுமிச்ச ஐஸுதான் திங்கக் குடுத்தேன்."

ஹெலன் அவள் தோளைத் தொட்டாள். "ஐஸும் தண்ணிதாங்கா. வாய்க்குள்ள போனா தண்ணிதான்."

வச்சலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மீன் பெட்டியின் அடி ஓட்டையிலிருந்து நாளெல்லாம் ஒழுகுகிற நீர், தினமும் அவள் புடவைக் கரையை நனைக்கிற நீர், அப்போதுதான் அவளுக்குத் தண்ணீராகத் தெரிந்தது.

"எடுத்துருவீங்கல்லம்மா? மிஷினு எல்லாத்தயும் எடுத்துரும்ல?"

"ஒரேயடியா இழுத்தா பிபி இறங்கிடுதுக்கா. இதயம் ரொம்ப வீங்கிப்போச்சு. டாக்டர் உங்ககிட்ட பேசணும்னு சொன்னாரு." சொல்லிவிட்டு ஹெலன் அவள் முகத்தைப் பார்க்காமல் ட்யூபைச் சரிசெய்தாள்.

"நாந்தாம்மா. என் கையாலயே ஊட்டிக் கொன்னுட்டேன். தெனமும் ஒரு டப்பா, என் கையாலயே..."

கண்ணை மூடிப் படுத்திருந்த கேசவன் தலையைத் திருப்பாமலே பேசினான்.

"ஒரு டப்பா இல்ல சிஸ்டர், ரெண்டு. இவ மார்க்கெட்டுக்குப் போனப்புறம், மிச்சமிருந்த ஐஸ வச்சி இன்னொண்ணு நானே போட்டுக்கினேன். ஐஸு தண்ணின்னு இவளுக்குத்தான் தெரியாது. எனக்குத் தெரியும்."