நெட்டு கோச்சும் நானும் பொட்டு வைத்த பந்தும்

ஹாக்கி மட்டையை எப்படிப் பிடிக்கணும்னு கம்ப்யூட்டருக்குள்ளே இருந்து ஒருத்தர் சொல்லிக் குடுத்துப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன். விளையாட்டுச் சொல்லிக் குடுக்கிற தொழிலில் முதலில் போவது தொண்டை, அடுத்தது இடுப்பு. என்னைப் போல வெயிலில் நின்று கத்துகிற பாவப்பட்ட ஜென்மங்களுக்கு இது தெரியும்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்று; எங்கள் ஊர்ப் பேச்சில் தீப்பெட்டி ஆபீஸ். வேலை முடிந்து வரும் பொம்பளைகளுக்குச் சாயங்காலம் ஹாக்கி சொல்லிக் கொடுப்பது என் வேலை. எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் புத்தகம் பிடித்ததைவிட மட்டை பிடித்ததுதான் அதிகம். ஒவ்வொரு பொங்கலுக்கும் பக்கத்து ஆபீஸ் அணியோடு மேட்ச் நடக்கும். போன தடவை தோற்றுவிட்டோம். அந்த நேரம் பார்த்து பஜாரில் பிரவுசிங் சென்டர் வந்தது. எங்கள் முதலாளி அண்ணாச்சியின் அக்கா மகன் சுரேஷ் ஆஸ்திரேலியாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார், அங்கே கிளப்பில் ஹாக்கியும் ஆடுகிறார். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம காலையில நெட்டுல சுரேசு சொல்லிக் குடுப்பான். மத்த நாளு நீ. இந்தப் பொங்கலுக்கும் தோத்தா, அடுத்து நெட்டு மட்டும் போதும் தாயி."

என் வேலைக்கே உலை என்று புரிந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குஷி. நானும் ஆஸ்திரேலியாவைப் பார்த்ததில்லையே!

முதல் அடி

முதல் ஞாயிறு. பிரவுசிங் சென்டரின் ஒரு தடுப்புக்குள் மட்டையோடு ஆறு பேர். என் இடுப்பில் ரெண்டு வயசு மகள், அவள் வாயில் என் விசில். திரையில் சுரேஷ் வந்ததும் எல்லோரும் எழுந்து வணக்கம் வைத்தோம். நல்ல பிள்ளை, வணக்கம் வைத்துவிட்டு நேரே பாடத்துக்கு வந்துவிட்டார். "மட்டையப் பின்னால நல்லாத் தூக்கி, வீசி அடிக்கணும். பண்ணிக் காட்டுங்க பாப்போம்."

கோல் போட முன்னால் ஓடுகிற எங்கள் முத்துலட்சுமிக்குச் சொன்னால் சொன்னதுதான். தூக்கினாள். மேலே டியூப்லைட் போனது. வீசினாள். பக்கத்துத் தடுப்பில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்காலியோடு சாய்ந்தார். சென்டர்க்காரர் ஓடி வந்து கைகூப்பினார்: "எக்கா, இங்கன லெட்டர்தான் அனுப்பலாம், பந்து அனுப்பக் கூடாது!"

அசையாத வாத்தியார்

அடுத்த ஞாயிறு மட்டை இல்லாமல் போனோம். "பந்தத் தடுக்கும்போது இப்படிக் குனியணும்" என்று சுரேஷ் பாதி குனிந்து, ஒரு கையை நீட்டி, வாயைத் திறந்தார். அப்படியே நின்றார். நாங்களும் அப்படியே நின்றோம். தொடை நடுங்குகிறது, அவர் அசையவில்லை. நாமளும் அசையக் கூடாது, இது ஏதோ வெளிநாட்டுப் பயிற்சி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் சென்டர்க்காரர் எட்டிப் பார்த்து, லைன் போய் ரொம்ப நேரமாகிறது என்றார்.

கோல்கீப்பர் பாக்கியம் மட்டும் நிமிராமலே சொன்னாள்: "என்ன பொறுமைங்கேன், அவிய கண்ணக்கூட இமைக்கல!"

கரிசலுக்குக் குளிப்பாட்டு

பேச்சுவாக்கில் சுரேஷ், அங்கெல்லாம் மேட்ச்சுக்கு முன்னால் தரையை நனைத்துவிடுவார்கள், பந்து வழுக்கிக்கொண்டு ஓடும் என்று தன் மாமா அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டார். அங்கே தரை பச்சைக் கம்பளம். இங்கே கரிசல் மண். ஆனால் அண்ணாச்சி கடைவீதியிலேயே பிறந்து வளர்ந்தவர்; மழை பெய்த காட்டில் கால் வைத்ததில்லை. ஒரு லாரித் தண்ணியைக் கிரவுண்டில் விட்டுவிட்டார். மகளுக்குக் காய்ச்சல் என்று அன்றைக்குப் பார்த்து நான் வீட்டில்.

மறுநாள் போனால், பந்து போட்ட இடத்தில் புதைந்து உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொருத்தி காலிலும் ரெண்டு படி மண். பார்க்க வந்த அண்ணாச்சியின் செருப்பு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. பொங்கலுக்கு நாள் நெருங்குகிறது, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முத்துலட்சுமிதான் வாயைத் திறந்தாள்: "அண்ணாச்சி, இதுல பருத்தி போடுங்க, நல்லா வரும். பந்துதான் வராது."

கண்டுபிடித்தது அவர்

மண் காய்ந்ததும் விட்ட நாளுக்கும் சேர்த்து ஆடினோம். அண்ணாச்சி தன் புதுக் காமிராவில் சின்னச் சின்ன வீடியோவாகப் பிடித்து சுரேஷுக்கு அனுப்பினார். அந்த ஞாயிறு சுரேஷ் என்னை மட்டும் முன்னால் வரச் சொன்னார். "எக்கா, தப்பா நெனைக்காதீங்க. பந்து பக்கத்துல வாரப்போ ஒங்க கோல்கீப்பர் கண்ண மூடுதாங்க."

எனக்குச் சுருக்கென்றது. தினமும் நான்தான் அவளுக்குப் பந்து அடிக்கிறேன். என் கண் பந்தின் மேலேயே இருந்திருக்கிறது, அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்துவிட்டாரே மனுசன்! சரி, இதற்கு மருந்து என்ன என்று கேட்டால், அதற்குள் லைன் போய்விட்டது.

என் பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. பந்துக்கு ஒரு நிறமாகப் பெரிய பொட்டுகளை ஒட்டினேன். முதலில் மெதுவாக உருட்டினேன், பிறகு அடித்தேன். வருவது என்ன நிறப் பொட்டு என்று பாக்கியம் கத்திச் சொல்ல வேண்டும். கண்ணை மூடினால் எப்படிச் சொல்வாள்? ரெண்டு நாள் தப்புத்தப்பாகச் சொன்னாள். மூன்றாம் நாள் பந்து கணுக்காலில் பட்டதும் குதித்துக்கொண்டே கத்தினாள்: "வலிக்கு டீச்சர்! ஆனா செவப்பு!"

பொங்கல் மேட்ச்

முத்துலட்சுமி ஒரு கோல் போட்டாள், அவர்கள் ஒன்றும் போடவில்லை. டியூப்லைட்டை உடைத்த அதே வீச்சு! முடிய இன்னும் கொஞ்ச நேரந்தான், அவர்களுக்குப் பெனால்டி. அடிக்கிறவளுக்கும் பாக்கியத்துக்கும் நடுவில் யாரும் கிடையாது. அண்ணாச்சி துண்டை வாயில் கடித்துக்கொண்டார். என் மகள் விசிலைத் துப்பிவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் வேலை முழுக்க அந்த ஒரு பந்தில்.

அடித்தாள். பாக்கியம் கண்ணை விரித்துப் பாய்ந்தாள். பந்து அவள் கால் பேடில் பட்டு வெளியே தெறித்தது. கிரவுண்டு முழுக்கக் கேட்கும்படி அவள் போட்ட சத்தம்: "பொட்டே இல்ல டீச்சர்!"

நெட்டில் கண் நன்றாகத்தான் தெரிகிறது, பொட்டு வைக்கத்தான் ஆள் பக்கத்தில் வேண்டியிருக்கிறது. ஜெயித்த சந்தோஷத்தில், சுரேஷும் நானும் ரெண்டு பேருமே இருக்கட்டும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். மறு ஞாயிறு திரையில் வந்த சுரேஷ் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "எக்கா, எங்க கிளப்பு கோல்கீப்பரும் கண்ண மூடுதாரு. அந்தப் பொட்டு அட்டை ஒண்ணு பார்சல்ல போட்டு விடுங்களேன்."