மழைக்குக் கட்டம் இல்லாத படிவம்

பிரிவு 9.4 இப்படிச் சொல்கிறது: “திருத்தம் கோரி எழுத்து மூலம் வரும் ஒவ்வொரு யோசனைக்கும், அது கிடைத்த நாளிலிருந்து ஆறு வாரங்களுக்குள் எழுத்து மூலம் பதில் அளிக்கப்படும்.” நெதர்லாந்தில் ஒரு குழு எழுதிய விதி இது. அங்கே கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி வளர்க்கிறார்கள். மண்ணுக்குப் பதிலாகத் தென்னை நார்த்தூளைப் போடுகிறார்கள். அந்தத் தூள் எப்படி இருக்க வேண்டும் என்று நாற்பத்து மூன்று பக்கங்களில் விதி வகுத்திருக்கிறார்கள். அந்த நாட்டில் தோப்பு என்று சொல்ல ஒரு தென்னந்தோப்பு கிடையாது. ஆனாலும் அவர்கள் முத்திரை விழுந்தால்தான் நல்ல விலை.

ஏற்றுமதிப் பொருட்களைச் சோதிக்கும் அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிணத்துக்கடவில் தேங்காய் மட்டையை நாராக்கும் மில் நடத்தும் மரகதம் அந்த நாளிலிருந்து பழக்கம். பிப்ரவரியில் அழைத்தார். “ஆய்வுக்கு அந்த நாட்டுக்காரரு வாராருங்ணா. நீங்க கூட நின்னாப் போதும். அவரு கேக்கறத எனக்குச் சொல்லுங்க. நான் திட்டறத அவருக்குச் சொல்லிப்போடாதீங்க.”

மார்ச் 11, புதன், காலை 6.50. போத்தனூர் நிலையம். நடைமேடைச் சீட்டு பத்து ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். அதை வாங்கியவன் அன்று அந்த மேடையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கொச்சியிலிருந்து வந்த ரயில் இருபத்தைந்து நிமிடம் தாமதம். ஆய்வாளர் ஹெங்க் இறங்கினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஆறரை அடி உயரம், கையில் ஒரு சிறிய பெட்டி. தாமதத்துக்கு அவரே என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ரயில் எங்களுடையது என்று நினைவூட்டினேன்.

7.30. வாடகைக் கார், நாள் முழுவதற்கும் 2,400 ரூபாய். ஓட்டுநர் ஜாபர், கோட்டைமேட்டுக்காரர். ஈச்சனாரி தாண்டுவதற்குள் கேட்டுவிட்டார்.

“ஏனுங்க சார், இவரு நாடு எவ்வளவு பெருசுங்க?”

“கிட்டத்தட்டக் கேரளா அளவு.”

“அவ்வளவுதானுங்களா? அதுக்கா நாமெல்லாம் இப்படிப் பயந்துட்டுக் கிடக்கறோம்?”

ஹெங்க் என்னவென்று கேட்டார். நான் மழுப்பாமல் மொழிபெயர்த்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “ஒரு காலத்தில் எங்களைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தார்கள்” என்றார். நாகப்பட்டினத்தில் அவர்கள் கோட்டை வைத்திருந்ததை நான் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருந்தது. பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தங்கள் பள்ளிக்கூடங்களே இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். “இப்போது எங்களிடம் கப்பல் படை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியக் கூட்டங்களில் பெரிய நாடுகள் பேசி முடித்த பிறகுதான் எங்கள் பக்கம் ஒலிபெருக்கி வரும். மிச்சம் இருப்பது இந்த முத்திரை. அதையும் இப்போது பலர் கேட்பதில்லை.”

மலுமிச்சம்பட்டியில் தேநீர், கோப்பை பதினைந்து ரூபாய். ஹெங்க் சர்க்கரை வேண்டாம் என்றார். கடைக்காரர் அதைத் தன் தேநீரைக் குறை சொன்னதாக எடுத்துக்கொண்டு, கூடுதலாக ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தார். ஹெங்க் முழுவதும் குடித்தார். அங்கேதான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

8.45. ஒத்தக்கால்மண்டபம் வழியாகக் கிணத்துக்கடவு. போத்தனூரிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர் என்றது காரின் மீட்டர். மரகதத்தின் மில்லின் பின்புறம் ஒன்றரை ஏக்கர் களத்தில் நார்த்தூள் குவியல், வீட்டு உயரத்துக்குப் பழுப்பாக நின்றது. தூளில் உப்பு இருக்கும். அதைக் கழுவி எடுத்தால்தான் செடி பிழைக்கும். மற்ற மில்களில் ஆழ்துளைப் போர் போட்டு நீர் இறைத்துக் கழுவுகிறார்கள். மரகதம் அதைச் செய்வதில்லை. இரண்டு வருடம் தென்மேற்கு மழையிலும் ஐப்பசி மழையிலும் குவியலை நனைய விட்டு, மாதம் ஒருமுறை புரட்டிப் போடுகிறார்.

ஹெங்க் பெட்டியைத் திறந்து உப்பு அளக்கும் மீட்டரை எடுத்தார். எட்டு இடத்தில் மாதிரி எடுத்தார். எட்டிலும் உப்பு அனுமதித்த அளவுக்குக் கீழே. மரகதம் முகத்தில் வெற்றி தெரிந்தது. பிறகு படிவம் வந்தது.

படிவத்தில் ‘கழுவிய நீரின் ஆதாரம்’ என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: கிணறு, ஆறு, குழாய். மரகதம் மூன்றையும் குறுக்கே அடித்துவிட்டு ஓரத்தில் ‘மழை’ என்று எழுதியிருந்தார். ஹெங்கின் கணினியில் மூன்றில் ஒன்றைத் தொடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

“கெணறுன்னு ஒரு டிக் போட்டுப்போடுங்க அம்மணி” என்றார் ஜாபர். “யாரு வந்து பாக்கப்போறாங்க?”

“பக்கத்துத் தோட்டத்துக்காரங்க பாப்பாங்க” என்றார் மரகதம். “இந்தத் தண்ணிக்குத்தான் போன கோடைல பஞ்சாயத்தே நடந்துச்சு. நான் போர் போட மாட்டேன்னு சொல்லிப்போட்டு, இவரு தாள்ல கெணத்துத் தண்ணின்னு எழுதுனா? அந்தத் தாள் நாளைக்கு எங்கூரு வாட்சப்புல வந்துரும்.”

மரகதத்துக்கு இதில் என்ன போகும் என்பதையும் சொல்லவேண்டும். ஜூன் முதல் வாரம் மழை இறங்கும். அதற்குள் குவியல் களத்தைவிட்டுப் போகாவிட்டால் புதுத் தூள் கொட்ட இடமில்லை, மில் நின்றுவிடும். சீனாவுக்கு அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் பாதி விலைக்குக் காத்திருந்தார்.

“அவங்க முத்திரை கேட்பதில்லையே, கொடுத்துவிடலாமே” என்றேன்.

“கேள்வி கேக்காம வாங்கறவங்க, ஒரு நா கேள்வி கேக்காமயே நிறுத்திப்போடுவாங்கங்ணா. இவரு தொந்தரவு புடிச்சவரு. ஆனா வந்து நின்னு பாக்கறாரு பாருங்க.”

இதை நான் மொழிபெயர்த்ததும் ஹெங்க் குவியல் பக்கம் திரும்பினார். “என் கிராமம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மழை பெய்தால் அதை வெளியே தள்ளப் பம்பு ஓட்டுவோம். மழையை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் குழுவில் யாருக்கும் தோன்றியிருக்காது.” உலகத்துக்கெல்லாம் நீர் இறைக்கும் பம்பு செய்து அனுப்பும் மாவட்டத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்டேன்.

11.20. கட்டம் நிரம்பாததால் ஹெங்க் ‘தோல்வி’ என்று பதிய விரலைக் கொண்டுபோனார். நான் அவருடைய விதித்தொகுப்பைக் கேட்டு வாங்கினேன். எந்த விதித்தொகுப்பையும் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். பயன்படும் பிரிவுகளை அங்கேதான் ஒளித்து வைப்பார்கள். 9.3: முடிவை நிறுத்தி வைக்க ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. 9.4: திருத்தம் கோரலாம்.

“இந்தப் பிரிவின் கீழ் இதுவரை யாராவது எழுதியிருக்கிறார்களா?”

“தென்னை விளையும் நாடுகளிலிருந்து யாரும் இல்லை. எப்படித் தேறுவது என்று மட்டும் கேட்பார்கள்.”

மரகதத்தின் மேசையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். நான்காவது கட்டமாக ‘மழை’. இணைப்பு ஒன்று, எட்டு அளவீடுகள். இணைப்பு இரண்டு, குவியலைப் புரட்டிய தேதிகள். மரகதம் தமிழில் கையெழுத்திட்டார். ஹெங்க் 9.3இன்படி முடிவை நிறுத்தி வைத்தார்; கடிதத்தை அங்கேயே குழுவுக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதாக வந்த ரசீதையும் காட்டினார்.

மாலை 4.40. மீண்டும் போத்தனூர். ஹெங்க் கை குலுக்கி, “உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு பிரிவு உண்டா?” என்று கேட்டார். உண்டு. அதன் கீழ் வந்த கடிதங்களில் ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதிக் கோப்பில் சேர்த்தவன் நான். முப்பத்தொரு வருடத்தில் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. பெரிய நாட்டால் பதில் எழுதாமல் இருக்க முடிகிறது. சிறிய நாட்டுக்கு அந்த வசதி இருக்குமா என்று வீடு திரும்பும்போது யோசித்தேன்.

ஏப்ரல் 22ஆம் தேதி ஆறு வாரம் முடிந்தது. பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். மே நடுவில் மரகதம் அழைத்தார். “உங்க ஒம்பது நாலு என்னாச்சுங்ணா? ஏஜென்ட் லாரியோட நிக்கறான்.” இன்னும் பத்து நாள் பொறுக்கச் சொன்னேன். எந்த விதியின் கீழ் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பொறுத்தார்.

பிறகு கடிதம் வந்தது. முதல் பத்தி முழுவதும் ஐந்து வாரத் தாமதத்துக்கு மன்னிப்பு. இரண்டாம் பத்தியில், படிவத்தில் நான்காவது கட்டம் சேர்க்கப்பட்டிருக்கிறது. எல்லா நாடுகளுக்கும் பொருந்தும். இனி மழைமானி வைத்து அளவு குறிக்க வேண்டும். மூன்றாவதில், கிணத்துக்கடவுக் குவியலுக்குச் சான்றிதழ். போனில் மரகதத்துக்கு முதலில் மூன்றாவதைப் படித்தேன். பிறகு மற்ற இரண்டையும். கேட்டு முடித்து, “ஏனுங்ணா, அந்த மன்னிப்பக் கொஞ்சம் திருப்பிப் படிங்க” என்றார்.

படித்தேன். கடிதத்தின் மேல் மூலையில், என் பழைய வழக்கப்படி, பெற்ற நாளைக் குறித்தேன்: மே 27, புதன்.