ஹலீமா பரிமாறிய பச்சிலை

மலாய் நாட்டின் காஜா பெராங் வட்டாரத்தில் ஹலீமாவின் நெய்ச்சோற்றுக்கு இணை கிடையாது. கடை அவள் கணவர் ஹாஜாவுடையது, கைமணம் அவளுடையது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு முந்தைய ஆண்டு, பக்கத்து ஊரான பத்து பெரெண்டாமிலிருந்து சைக்கிளில் திரும்பிய ஹாஜா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். இரத்தக் குழாய்களில் கொழுப்பு படிகிறது, கொலஸ்டிரால் என்பார்கள் என்று டாக்டர் விளக்கினார். சிகரெட்டையும் நெய்யையும் விடச் சொன்னார்.

சிகரெட் போயிற்று. நெய் போகவில்லை. வீட்டில் ஹலீமா வல்லாரையும் சிறகவரையும் அரிந்து வைத்தால், ஹாஜா தட்டை நகர்த்திவிட்டுக் கடைக்குப் போய் ஆட்டுக்கறியோடு சாப்பிடுவார். ஏன் என்று அவள் கேட்டாள்.

"நெய்ச்சோறு விக்கிற ஆளே தழையத் தின்னா, கடைக்கு வர்றவன் என்னா நெனைப்பான்?" என்றார்.

ஹலீமா சண்டை போடவில்லை. மறுநாள் வல்லாரையைப் பொடியாக அரிந்து, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்ச் சம்பல் பிசறி, கடைக்கு வந்த எல்லோர் தட்டிலும் ஒரு கை வைத்தாள். மலாய்க்காரர்கள் ஊலாம் என்று பச்சையாகத் தின்னும் இலைதான். முதல் நாள் பாதி குப்பைக்குப் போனது. அவள் நிறுத்தவில்லை. சில வாரங்களில் தபால்காரர் கருணாகரன், சோறு வருமுன்பே ஊலாம் கேட்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள்.

அப்போதுதான் ஒரு மதியம், கடை நிறைந்திருக்கும் வேளையில், வெறும் சோறும் மீன்குழம்பும் நிறைய இலையுமாக ஒரு தட்டை ஹாஜா முன்னால் வைத்தாள். அதே போல இன்னொன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் திங்கிறாங்க மச்சான். இனிமே ஒங்களுக்கு என்ன வெக்கம்?"

ஹாஜா தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார்.

கொலஸ்டிரால் இரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுப்பதை, கீரையிலும் பழத்திலும் உள்ள ஆன்டிஆக்சிடன்ட்கள் ஓரளவு தடுக்கக்கூடும் என்று இன்று ஆராய்கிறார்கள். ஹாஜாவைக் காத்தது அதுவா, விட்ட சிகரெட்டா, குறைந்த நெய்யா, எனக்குத் தெரியாது. ஹலீமாவும் ஆன்டிஆக்சிடன்ட் என்ற பெயரைக் கேட்டவளில்லை. கணவரின் நோயையும் ரோஷத்தையும் ஒன்றாகக் கையாளத் தெரிந்திருந்தது அவளுக்கு.

எழுபது வயதிலும் ஹாஜா சில மைல் தள்ளியுள்ள செமாபோக் வரை நடந்தே போய் வருவதைப் பார்த்திருக்கிறேன். சந்தைக் கூடையை மட்டும் ஹலீமா அவரிடம் கொடுக்கமாட்டாள்; கொடுத்தால் ஆட்டுக்கறி வாங்கிவிடுவார்.