ரதி வேசம் கலைத்த காலை

சில ஆண்டுகளுக்கு முன், பதுளை பஸ் நிலையத்துக்கு அருகே எங்கள் மளிகைக் கடை வாசலில் ஒருவர் படுத்துக் கிடப்பார். அவரை எழுப்பிவிட்டுத்தான் காலையில் கதவைத் திறக்க முடியும். நமுனுகுல பக்கத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி. உழைத்ததெல்லாம் தவறணையில் குடித்தே தீர்ந்ததால், அவருடைய அக்கா லயத்து வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார் என்று கேள்வி.

ஒரு மாசி மாதம் அந்த அக்காவே வந்து நின்றார். தோட்டத்தில் காமன் கூத்து, சிவன் எரித்த மன்மதன் உயிர்த்தெழும் கதை. ரதி வேசம் தலைமுறையாக அவர்கள் குடும்பத்துக்கு உரியது. ஆடிவந்த சித்தப்பா இறந்துவிட்டார். இனி தம்பிதான் ஆட வேண்டும்.

"காப்பு கட்டினா அவுக்கிற வரைக்கும் ஒரு சொட்டு தொடக் கூடாது. முடியுமான்னு கேளுங்க முதலாளி" என்றார் என்னிடம், தம்பியின் முகத்தைப் பாராமல்.

தம்பி எழுந்து அவர் பின்னால் நடந்தார்.

தாங்குவாரா என்று எனக்கு ஒரே யோசனை. கூத்து முடியும் நாள் விடிந்ததும் வேனை எடுத்துக்கொண்டு போனேன். எரிந்துபோன மன்மதனுக்காக, சேலையும் சவுரியுமாக அவர் புலம்பிக்கொண்டிருந்தார்.

"ஏன் அழுவுற ரதி, தவறணைய பூட்டிட்டாங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவர் தப்பு மேளத்தின் அடியை விட்டு விலகாமல் பாடினார். சிரிப்பு தானாக அடங்கியது.

மன்மதன் உயிர்பெற்று எழுந்ததும் பூசாரி காப்பை அவிழ்த்தார். சற்று நேரத்தில் இவர் வேனுக்கு வந்துவிட்டார், மணிக்கட்டைத் தடவியபடி.

"கட்டியிருந்த வரைக்கும் பயம் இருந்திச்சுங்க. இப்ப கை காலியா இருக்கு. நானும் பதுளைக்கு வாரேன்."

பதுளை என்றால் எங்கே என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதற்குள் அக்கா வாளியோடு வந்தார்.

"வேசம் கலைச்சா வீட்டு வாசல்ல தலைக்கு ஊத்தணும். சித்தப்பாவும் அப்படித்தான். எறங்கு."

வேனில் வைத்த காலை அவர் கீழே எடுத்தார்.

பிறகு ஒருமுறை குடித்தாராம். அக்கா ஏசினாராம், கதவைச் சாத்தவில்லை. இன்று தோட்டத்தில் வேலை செய்கிறார். மாசி பிறந்தால் பூசைச் சாமான் வாங்க எங்கள் கடைக்கு வருவார்.

இப்போதும் எங்கள் வாசலில் யாராவது விழுந்து கிடந்தால், எழுப்புவதற்கு முன் ஒரு கணம் நிற்கிறேன்: இவருக்காக எந்த ஊரில் எந்த வேசம் ஆளில்லாமல் காத்திருக்கிறதோ?