ரேடியோ அய்யா சொன்ன ஊர்க்கதை

பேசத் தொடங்கும் முன் அவர் ஒருமுறை தொண்டையைக் கனைப்பார். வானொலியில் அந்தக் கனைப்பு கேட்டதும் புவனகிரி கடைத்தெருவில் டீ ஆற்றுபவரின் கை நிற்கும். பேப்பர் படிப்பவர்கள் பேப்பரை மடித்து வைப்பார்கள். விதை விலை, உர இருப்பு, மழை நிலவரம் என்று சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் ‘ஊர்க்கதை’ என்று ஒன்று சொல்வார். அதற்காகத்தான் அத்தனை பேரும் காத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அவருக்குப் பெயர் ரேடியோ அய்யா. சென்ற மாதம் அவர் இறந்தபோது கைப்பேசியில் வந்து குவிந்த அஞ்சலிகளைப் பார்த்தால், இனி எங்கள் மாவட்டத்தில் பொழுது விடிவதே சந்தேகம் என்று தோன்றியது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அந்தக் கனைப்பு இனிமேல் வராது என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

நல்ல குரல், அதில் சந்தேகமே இல்லை. பெரும்புயல் வந்த ஆண்டு கடலூர்க் குப்பங்களில் இருந்தவர்களை, “சாமான் போனா போவுது, புள்ளைங்கள தூக்கிக்கிட்டு மேட்டுக்கு வாங்க” என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். அதனால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அதை இல்லை என்றால் என் நாக்கு அழுகும். ஆனால் அன்று சம்பாதித்த நம்பிக்கையை முதலாகப் போட்டுத்தான் பிற்பாடு அவ்வளவு விஷத்தையும் விற்றார். மாலையானால் கட்சி மேடை. பாதிப் பேர் அவரை மண்ணின் குரல் என்றார்கள், மீதிப் பேர் அவருக்குக் கொடும்பாவி கட்டிக் கொளுத்தினார்கள். வானொலியில் அரசியல் பேசக் கூடாது என்பது விதி. அதற்கென்ன, மேடையில் பேசியதை மறுநாள் காலை கதையாக்கிவிடுவார்.

ஊர்க்கதையில் யார் பெயரும் வராது. அதுதான் அவருடைய சாமர்த்தியம். எந்த ஆற்றங்கரை, கோவிலுக்கு எந்தப் பக்கம், என்ன பயிர், எத்தனை பிள்ளைகள் என்று அடுக்கிக்கொண்டே போய், கேட்பவன் வாயாலேயே பெயரை வரவழைப்பார். மேலிடத்தில் கேட்டால், “கற்பனைக் கதைங்க” என்று கையை விரிப்பார்.

என் அக்கா கடலூரில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது, கூடப் படித்தவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். மச்சான் கிறித்தவர். எங்கள் ஊரை ஒட்டிய காலனியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா முதலில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பிறகு பெற்ற மனம் மெல்ல இறங்கி வந்தது. ஊரில், “பொண்ணு மெட்ராஸ்ல வேல பாக்குது” என்று சொல்லிவிட்டு, கோர்ட்டு வேலை என்ற சாக்கில் கடலூருக்கு பஸ் ஏறுவார். பையில் முருங்கைக்காயும் புது அரிசியும் இருக்கும். அப்பாவுக்குக் கடலூரில் எந்தக் கோர்ட்டிலும் எந்த வழக்கும் கிடையாது. அக்கா உண்டானபோது, வளைகாப்பை நம் வீட்டிலேயே வைப்போம் என்று அம்மாவிடம் அவராகவே சொன்னார். “வர்றவன் வரட்டும், வராதவன் போவட்டும்” என்றார். அம்மா அன்றைக்கே கண்ணாடி வளையல் வாங்கி வந்துவிட்டாள்.

அந்த வாரம்தான் ரேடியோ அய்யா எங்கள் கதையை எடுத்தார். அப்பாவும் நானும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். “வெள்ளாத்தங்கரையில ஒரு விவசாயி. மோட்டார் கொட்டாய்க்கு நீலச் சுண்ணாம்பு அடிச்சி வச்சிருக்காரு, ரசனையான மனுசன்” என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். “அவரு பொண்ணு மெட்ராஸ்ல இல்லீங்க, கடலூர்ல இருக்கு. யாரு ஊட்டு அடுப்ப ஊதுதுன்னு நான் வேற சொல்லணுமா? அப்பங்காரரு அரிசி கொண்டுபோயிக் குடுத்துட்டு வர்றாரு. மானத்த மூட்ட கட்டி பஸ்ஸுல ஏத்தி உட்டா ஊரு என்னா ஆவும்?” எங்கள் வட்டாரத்தில் நீலம் அடித்த கொட்டகை ஒன்றுதான் இருந்தது. கடையில் இருந்த அத்தனை தலையும் அப்பா பக்கம் திரும்பியது. அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாளே கொட்டகைக்கு வெள்ளை அடித்துவிட்டார். வளைகாப்பு நின்றது, கடலூர்ப் பயணமும் நின்றது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று நான் வந்து சொன்னபோது, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போனார். அம்மா இறந்தபோது அக்கா எங்கள் தெருமுனையில் நின்று அழுதுவிட்டுத் திரும்பிப் போனாள். வீட்டுக்குள் கூப்பிடுங்கள் என்று நான் கெஞ்சினேன். “அந்தாளு மறுபடியும் பேசுவான்டா” என்றார் அப்பா. ரேடியோ வேலையை விட்ட பிறகும் அந்த ஆள் ஊர்க்கதையைப் பேசிக் கைப்பேசிகளுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். ரேடியோ அய்யா யாரையும் கைநீட்டி அடித்ததில்லை என்று இப்போது அஞ்சலி எழுதுகிறார்கள். அடிக்கவே வேண்டாம், ஒரு மனிதனைச் சொந்தப் பேத்தியின் முகத்தைப் பார்க்கவிடாமல் செய்ய அவருக்கு அந்த ஐந்து நிமிஷம் போதுமானதாக இருந்தது. அப்பாவின் கோழைத்தனத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தப் பயத்தை விதைத்தவரைத்தான் நான் மன்னிக்கவில்லை.

ரேடியோ அய்யாவின் சாவுச் செய்தியை நான் சொன்னதும் அப்பா வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார்.

“சிதம்பரம் போவணும். காரை எடு.”

“அந்தாளுக்கு மாலை போடப் போறீங்களா?”

“எடுடான்னா.”

சிதம்பரத்தில் அவர் வீட்டுத் தெரு முழுக்கக் கொடிகளும் பேனர்களும். ஒலிபெருக்கியில் அவருடைய பழைய மேடைப் பேச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் தாடையைச் சுற்றித் துணி கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். அப்பா மாலை போடவில்லை, கும்பிடவும் இல்லை. தலைமாட்டில் நின்று அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர், “பெரியவரே, நவுந்து போங்க” என்ற பிறகுதான் நகர்ந்தார்.

காரில் உட்கார்ந்ததும் கேட்டார். “இனிமே பேசமாட்டான்ல?”

“செத்தவன் எப்பிடிப்பா பேசுவான்?”

“அப்பன்னா கடலூருக்கு உடு.”

துக்க வீட்டுக்குப் போனால் நேராகத் திரும்பி வந்து தலைமுழுக வேண்டும், நடுவில் இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. அன்றைக்கு அவருக்கும் அது நினைவில்லை, எனக்கும் இல்லை. வழியில் ஆலப்பாக்கத்தில் நிறுத்தச் சொல்லி மல்லிகைப் பூவும் சாத்துக்குடியும் வாங்கினார். கடலூர் போய்ச் சேரும்வரை பையை மடியை விட்டு இறக்கவில்லை.

கதவைத் திறந்தவள் அக்காவின் மகள். கல்லூரியில் படிக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “யாரு மாமா இவுங்க?” என்றாள். அதற்குள் அக்கா வந்துவிட்டாள்.

“சிதம்பரத்துலேருந்து வர்றம்மா. அவன் போயிட்டான், கண்ணால பாத்துட்டுதான் வர்றேன்” என்றார் அப்பா, ஏதோ நல்ல சேதி கொண்டுவந்தவர் போல. சொல்லிக்கொண்டே படியில் காலை வைத்தார்.

“அங்கியே நில்லுங்கப்பா.”

அக்கா குரலை உயர்த்தவில்லை. “அவன் ஊட்டு எழவுக்குப் போயிட்டு, குளிக்காம கொள்ளாம அப்பிடியே வந்திருக்கீங்க. தீட்டு.”

எந்த வீட்டுப் படியை மிதித்தால் ஊர் தீட்டு என்று சொல்லுமோ என்று இத்தனை வருஷம் நடுங்கிக் கிடந்தாரோ, அந்தப் படியிலிருந்து அப்பா காலை எடுத்துக்கொண்டார். மச்சான் உள்ளே போய் ஒரு புதுக் கைலியை எடுத்துவந்து கொடியில் போட்டார். அக்கா வாசல் குழாயடியில் வாளியையும் சொம்பையும் வைத்தாள்.

“நல்லா தலையோட ஊத்திக்கிங்க. அந்தாளு தீட்டு ஒரு பொட்டு இல்லாம போவணும். அப்பறமா உள்ள வாங்க, சாப்புடலாம்” என்றாள்.

பேத்தி பார்த்துக்கொண்டிருக்க அப்பா சட்டையைக் கழற்றினார். அழுதுகொண்டே தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டார். வாளி காலியானதும், இன்னொரு வாளி வேண்டும் என்று கேட்டார்.