மோட்டார் தண்டில் பிளாஸ்திரி

என் மனைவி பன்னிரண்டு வயதில் பாடிய பாட்டு ஓர் இசைத்தட்டில் இருக்கிறது. கோயில் பாட்டுக்குழுப் பெண்பிள்ளைகளை அந்தக் காலத்துப் பங்குச்சாமியார் மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்ப் பதிவு செய்த கிறிஸ்துமஸ் பாட்டு. "ரெண்டாவது சரணம் நான் மட்டுந்தாங்க தனியா பாடுவேன்" என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். போட்டுக் கேட்க எங்கள் வீட்டில் பெட்டி கிடையாது. போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். அவள் குரல் வேறெதிலும் இல்லை. செல்போனை நீட்டினாலே வாயை மூடிக்கொள்ளும் பிறவி அவள்.

நல்லம்பள்ளியில் இத்தனை பெரிய வீட்டை எதற்குக் கட்டினேனோ தெரியவில்லை. மகள் பெங்களூரில். பகலெல்லாம் ஹைவேயில் லாரி போகிற சத்தம்தான். பேச ஆளில்லாமல் டிவியைத் திட்டுவேன். சோறு வெந்துதா என்று குக்கரிடம் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பாப்பிரெட்டிப்பட்டியில் மைக்செட் வைத்திருந்த ஒருவரிடம் பழைய ரிக்கார்டு பிளேயர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். வெளிநாட்டு மெஷின். கூடவே செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர். நான் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன். எந்தச் சாமான் வந்தாலும் முதலில் கழற்றிக் கழுவு, அப்புறம் கோளாறைப் பார் என்பதுதான் டிப்போ பழக்கம். ரிக்கார்டு வைக்கிற சுழல்தட்டைத் தூக்கினால் உள்ளே அத்தனை அழுக்கு. மோட்டார் தண்டில் பிசினேறிக் கறுத்துப்போய் ஏதோ துணி ஒட்டியிருந்தது. எந்தப் புண்ணியவான் சுற்றினானோ என்று திட்டிக்கொண்டே பெட்ரோல் தொட்டு உரித்தெறிந்தேன். தண்டைப் பளபளவென்று துடைத்தேன். பெல்ட்டை மாற்றினேன். மகள் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய ஊசியைப் பொருத்தினேன்.

பாட்டைப் போட்டால் ஆர்மோனியம் முனகியது. பிள்ளைகள் எல்லாம் பெரிய மனுஷிகள் மாதிரி இழுத்து இழுத்துப் பாடினார்கள். அட, என்ன கர்மம்டா இது என்று நிறுத்தக் கையை நீட்டினேன். அதற்குள் இரண்டாவது சரணம் வந்துவிட்டது. ஒரே ஒரு குரல். நீட்டிய கை அப்படியே நின்றது. அவள்தான். சமையற்கட்டிலிருந்து "சாப்பிட வாங்க" என்று கூப்பிடுகிற அதே குரல். கோளாறான மெஷினிலேயே இவ்வளவு கேட்கிறதென்றால், சரிசெய்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரியே இருக்கும் என்று எனக்குப் பேராசை வந்துவிட்டது.

எது மெதுவாக ஓடினாலும் நாங்கள் முதலில் திட்டுவது கரண்டைத்தான். வோல்டேஜ் குறைவென்று ஸ்டெபிலைசர் வைத்தேன். பேரிங்கைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மைக்செட்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"மோட்டார் தண்டுல பிளாஸ்திரி சுத்தியிருந்தேனே, இருக்குதுங்களா?" என்றார்.

"அழுக்குன்னு பிச்சுப் போட்டுட்டேன்."

"அட கடவுளே! அது அவுங்க ஊரு கரண்டுக்குச் செஞ்ச மோட்டாருங்க. டிரான்ஸ்பார்மர் வெச்சாலும் நம்ம கரண்டுல மெதுவாத்தான் சுத்தும். தண்டு கொஞ்சம் தடிமனா இருந்தா தட்டு வேகமா ஓடும். அதுக்குத்தான் சுத்தி வெச்சேன். வூட்ல பிளாஸ்திரி கெடக்குதுங்களா?"

"முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீங்க கழுவுவீங்கன்னு நான் கண்டனா?" என்று சிரித்தார்.

பிளாஸ்திரி இருந்தது. அவள் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்ட சுருள், மிச்சம் அவள் மருந்து டப்பாவிலேயே. வெட்டிச் சுற்றினேன். தட்டு சரியான வேகத்தில் ஓடியது. ஆர்மோனியம் துள்ளியது. பிள்ளைகள் பிள்ளைகளாகப் பாடினார்கள். இரண்டாவது சரணத்தில் ஒரு சிறுமி கணீரென்று பாடினாள். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிறுமியை எனக்குத் தெரியாது. நான் பெண் பார்க்கப் போவதற்குப் பல வருஷம் முன்னால் இருந்த யாரோ ஒரு பிள்ளை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் மனைவி அதில் இல்லவே இல்லை. வாய்விட்டு அழுதேன். கேட்கத்தான் யாருமில்லையே.

மறுநாள் மைக்செட்காரரே கூப்பிட்டார்.

"என்னாங்க, சரியாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"பின்னாடி பாட்டு கேக்குது. இன்னும் மெதுவா இழுக்கற மாதிரி இருக்குதே?"

பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டி எடுத்து அப்போதுதான் டப்பாவில் போட்டிருந்தேன். முதல் சரணம் முடியப் போகிறது.

"இல்லீங்க, சரியாத்தான் ஓடுது" என்று சொல்லிப் போனை வைத்தேன்.